கொஞ்சம் கழிச்சுப் பார்க்கலாம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'போஸ்ட்மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கம்பெனியின் மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பது அவள் ஒருத்திதான். மெயில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அவள் நினைப்பு ஒருவருக்கும் வராது. திரும்பி வந்துவிட்டால் மட்டும், குடி முழுகிப்போனதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு அவள் மேஜையைச் சுற்றி நிற்பார்கள்.

"திரும்பி வந்ததை முதல்ல படிங்களேன்," என்பாள். "காரணம் அதுலயே இருக்கும். அஞ்சுல ஆரம்பிக்கிற நம்பர்னா, வராதேன்னு அர்த்தம். அட்ரஸ் தப்பா இருக்கும், இல்ல அவங்க தடுத்திருப்பாங்க. நாலுல ஆரம்பிச்சா, அப்புறம் வான்னு அர்த்தம். நம்ம சர்வரே கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி போய்க் கதவைத் தட்டும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு இருந்தா போதும்."

கணக்குப் பிரிவுக்காரர் நன்றாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த வாரம் அதே கேள்வியோடு வந்து நிற்பார்.

இடையில் குப்பை மெயில்கள் வெள்ளமாக வந்து கொட்டின. முதலாளி தாம்தூம் என்று குதித்தார். அவள் ஒரு பழைய உபாயத்தைக் கையில் எடுத்தாள். புதிதாக ஒரு முகவரியிலிருந்து மெயில் வந்தால், முதல் தடவை உள்ளே விடாமல் 451 என்று சொல்லித் திருப்பிவிடுவது. ஒழுங்கான சர்வர் சற்று நேரத்தில் திரும்ப வரும். குப்பை அனுப்புகிறவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. எண்ணோடு ஒரு வரி எழுத இடம் இருந்தது. இயந்திரங்கள் மட்டுமே பார்க்கிற வரி, யார் படிக்கப்போகிறார்கள்? விளையாட்டாக, ஆங்கில எழுத்தில் தமிழாகவே தட்டிவைத்தாள்: 'இப்போ வேலையா இருக்கேன். கொஞ்சம் கழிச்சுப் பார்க்கலாம்.'

அவளுடைய அம்மா வேறு ஊரில் முதியோர் இல்லத்தில் இருந்தாள். காது அறவே கேட்காது என்பதால் போனில் பேச வழியில்லை. இல்லத்தின் பொதுக் கூடத்தில் இருந்த கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டி மகளுக்கு மெயில் போடுவாள், அதே ஆங்கில எழுத்துத் தமிழில். சாப்பாட்டில் உப்பில்லை, பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுகிறாள் என்று ஊர்ப்பட்ட புகார் இருக்கும். மகள் வேலைக்கு நடுவே ஒரு வரியில் பதில் போடுவாள். அந்த ஒரு வரியே அம்மாவுக்குப் போதும்.

பிறகு ஒரு வாரம் அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோபமாக இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்ச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்று மகள் இருந்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் இல்லத்திலிருந்து போன் வந்தது. அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணன் கேட்டான். "உன்னை வரச்சொல்லி அம்மா மெயில் போட்டாங்களாமே. நீ எட்டிக்கூடப் பார்க்கல."

"சத்தியமா எனக்கு எதுவும் வரலண்ணா."

"மெயில் ஆபீசையே கையில வெச்சிருக்கவ நீ. உனக்கா வரல?"

அதோடு அவன் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டான். அம்மாவும் போய், கூடப் பிறந்தவனும் இல்லையென்று ஆகிவிட்டால் அவளுக்கென்று யார் மிச்சம்? அம்மாவின் முகவரியைப் போட்டு சர்வர் பதிவுகளைச் சல்லடையாகச் சலித்தாள். அந்த வாரம் ஒன்றுமே இல்லை. தவறு இல்லத்துக்காரர்களுடையதுதான், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பிப் போனாள்.

அங்கே வேலைபார்க்கிற, அம்மாவைக் கவனித்துக்கொண்ட அக்கா அதே கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். "அந்த வாரம்தான் எல்லாருக்கும் புது மெயில் அட்ரஸ் குடுத்தோம்மா."

பழைய முகவரியைத் தேடியதால்தான் அவளுக்குக் கிடைக்கவில்லை. புதிய முகவரியிலிருந்து அம்மா எழுதியது அப்படியே இருந்தது. 'மனசு ஒரு மாதிரி இருக்கு. ஒரு நடை வந்துட்டுப் போயேன். உன்னைப் பார்க்கணும்.'

அடுத்த நிமிடமே அது திரும்பி வந்திருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பத்தி, நடுவே 451. நாலுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாத, இல்லத்தின் அரைகுறைச் சர்வர், மறுபடி தட்டிப் பார்க்காமல் ஒரே தடவையோடு கைகழுவிவிட்டிருக்கிறது. பார்த்தீர்களா, உங்கள் தவறு என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சொல்லப்போனால் அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் கடைசி வரியைப் பார்த்தாள்: 'இப்போ வேலையா இருக்கேன். கொஞ்சம் கழிச்சுப் பார்க்கலாம்.'

"மேல இருக்கிற இங்கிலீஷ் எனக்கும் புரியல, அவங்களுக்கும் புரியல," என்றாள் அக்கா. "இந்த ஒரு வரிதான் புரிஞ்சது. எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா? 'பாரு, அத்தனை வேலையிலயும் உடனே பதில் போட்டுட்டா என் பொண்ணு'ன்னு எல்லார்கிட்டயும் காட்டினாங்க. இன்னொரு தடவை போட்டுப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். வேண்டாம், தொந்தரவு பண்ணக்கூடாது, வரேன்னிருக்கா இல்லன்னுட்டாங்க. அப்புறம் தினமும் சாயங்காலம் நல்ல புடவையா கட்டிக்கிட்டு வாசல் நாற்காலியில வந்து உக்காந்துடுவாங்க."

அவள் அழவில்லை. அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது. அந்த முகவரியை, முதல் தடவையே உள்ளே விடுகிற அனுமதிப் பட்டியலில் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அது அவளுக்குத் தெரியும். இனி அதைச் சேர்த்து யாருக்கு என்ன?

தெருவுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். நல்லவேளை, எடுத்தான். இல்லத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னாள்.

"விசாரிச்சியா? யார் பண்ணின கோளாறாம்?"

அரைகுறைச் சர்வர் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. அவன் நம்புவான், மறுபடி பேசவும் பேசுவான்.

"மெயில் எங்கிட்ட வந்திருக்குண்ணா," என்றாள். "அப்புறம் பார்க்கலாம்னு பதில் போயிருக்கு. நான் எழுதி வெச்ச பதில்தான்."