பகோமைத் தேடிப் போன இளவரசி

மகன் போரில் இறந்ததிலிருந்து மூத்த இளவரசி எவ்தோக்கியா அறையை விட்டு வெளியே வரவில்லை. ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதின் பெரிய வைத்தியர்கள் எல்லோரும் வந்து தோற்றுத் திரும்பினார்கள். இளம்பெண்ணாக அரண்மனைக்குள் வந்த நாளிலிருந்து அவளுக்குத் தோழியாக இருக்கும் லிதியா, கஞ்சி ஊட்டினாள், கால் பிடித்துவிட்டாள். எதுவும் பலிக்கவில்லை.

தொலைதூர வியாத்கா பக்கத்துக் குடியானவன் பகோம் ஒருநாள் சேறு படிந்த பூட்ஸோடு நேரே உள்ளே வந்தான். ஊரில் பாதிப்பேர் அவனை மகான் என்றார்கள். மீதிப்பேர் குடிகாரன் என்றார்கள்.

"எழுந்திரும்மா. செத்தவன் அவன், நீ இல்ல," என்றான்.

இளவரசி எழுந்துவிட்டாள்.

லிதியா இத்தனை வருஷத்தில் ஒருநாளும் 'நீங்க' என்பதைத் தாண்டியதில்லை. அவன் முதல் வார்த்தையிலேயே 'நீ' என்றான். அதுதான் லிதியாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பிறகு அவன் வைத்ததுதான் சட்டம். பழைய காரியஸ்தர் போய், அவனோடு குடிக்கும் குதிரைத் தரகன் அந்த இடத்துக்கு வந்தான். சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். ரொட்டிக்கு வரிசையில் நின்ற சனங்கள் அரண்மனை வண்டியைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். லிதியாவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. தேநீர் அறையிலிருந்து இளவரசியின் சிரிப்பு கேட்கும்போதுதான் வயிறு எரிந்தது.

"நேத்து சாராயக் கடை வாசல்ல விழுந்து கெடந்தானாம்மா," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"தெரியும். காலையில அவனே சொல்லி அழுதான். நீ என்னைக்காவது எங்கிட்ட உன்னைப் பத்தி இப்படி ஒண்ணு சொல்லியிருக்கியா, லிதியா?"



அன்றே லிதியா இளவரசியின் அண்ணன் மகன் வ்செவலோதைப் போய்ப் பார்த்தாள். போலீஸில் அவன் வார்த்தைக்கு மதிப்புண்டு. அந்த வாரமே பகோமை ரயிலேற்றி ஊருக்கு விரட்டினார்கள். இனி எல்லாம் பழையபடி ஆகும் என்று லிதியா மாலைக்கு வாசிக்க ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தாள்.

இளவரசியோ பெட்டி கட்டச் சொன்னாள்.

"எங்கம்மா?"

"வியாத்காவுக்கு. நீ வரணும்னு இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை சுட்டது. ஆனாலும் லிதியா போனாள். இளவரசியை அவனிடம் தனியாக விட அவளுக்கு மனம் வரவில்லை.

பனியில் பாதி புதைந்திருந்தது பகோமின் குடிசை. கதவைத் திறந்த அவன் மனைவி உஸ்தீன்யா இளவரசியை ஏற இறங்கப் பார்த்து, விலகி வழிவிட்டாள். பகோம் இருந்த உள்ளறைக்குள் இளவரசி போனதும் கதவு சாத்திக்கொண்டது.

"நீங்களும் அந்தாளுக்காகத்தான் வந்தீங்களா?" என்றாள் உஸ்தீன்யா.

"இல்ல. நான் அவங்களுக்காக வந்தேன்."

உஸ்தீன்யா ஒரு முக்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். லிதியாவின் கையில் ஒரு கத்தியையும் உருளைக்கிழங்கையும் திணித்து, தானும் ஒரு கத்தியோடு உட்கார்ந்தாள்.

"அப்ப தோல் சீவுங்க. அவர் பேசி முடிக்க நேரமாகும்."

உள்ளேயிருந்து இளவரசியின் சிரிப்பு கேட்டது. உஸ்தீன்யாவின் கத்தி ஒரு கணம் நின்றது. லிதியா அதைப் பார்த்தாள். அந்த எரிச்சல் அவளுக்குத் தெரியாததல்ல.

"உங்களுக்கு இது எத்தனை வருஷமா?" என்று கேட்டாள்.

"கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து," என்று சொல்லி, உஸ்தீன்யா அடுத்த கிழங்கை எடுத்தாள்.