பின்பக்கமும் பூசிய கல்

ஷைஜா அக்ரிலிக்கில் தீட்டும் தெர்மாகோல் பாறைகளுக்கு இரண்டு பக்கமும் வண்ணம் பூசினால் அவை கல்லாகிவிடும். இரணியலைச் சுற்றியுள்ள சபைகளில் இது தெரியாதவர்கள் இல்லை. முதலில் அப்படி ஆனது ஒரு கிறிஸ்துமஸ் குடிலின் குகை. பூசி ஒரு வாரம் கழித்துக் கருங்கல்லாகி, தூக்க ஆளில்லாமல் இன்றும் ஆலய மதிலோரம் கிடக்கிறது. ஆராதனை முடிந்தவர்கள் அதில் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறார்கள். அதற்குப் பிறகு அவள் பின்பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிடுவாள். முன்பக்கம் கருப்படித்து, காய்ந்ததும் ஸ்பாஞ்சால் சாம்பல் நிறங்களை ஒற்றி, பழைய டூத்பிரஷ்ஷை விரலால் சுண்டிப் புள்ளி தெறிக்கவைத்து, நீர்க்கக் கலக்கிய பழுப்பை வெடிப்புகளில் வழியவிடுவாள். கடைசியாக விளிம்புகளில் காய்ந்த பிரஷ்ஷால் வெள்ளையை லேசாக இழுத்துவிட்டால், வருகிறவர்கள் கால் இடித்துவிடுமோ என்று சுற்றிக்கொண்டு போவார்கள்.

அவள் கணவன் ஜான்ரோஸ் மட்டும் எதையும் மெச்சுகிற ஆள் இல்லை. மஸ்கட்டில் கட்டட வேலைகளில் குறை கண்டுபிடிப்பதே உத்தியோகமாக இருந்து, ஊருக்கு வந்த பிறகும் அதை விட முடியாமல் போனவன். சோற்றில் ஒரு கல் கடிபட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். தாடியும் உயரமும் இருந்ததால் ஈஸ்டர் விடியல் நாடகத்தில் வருஷாவருஷம் அவன்தான் இயேசு. ஜெனரேட்டர் வைத்திருந்த சிறிய கான்கிரீட் அறை கல்லறை; அதன் வாசலை மூடும் வட்டக்கல் ஷைஜா செய்தது. "உள்ள கெடக்கியவனுக்கு வெள்ள தெர்மாகோலுல்லா தெரியுது. இதப் பாத்தா பக்தி வருமா? சும்மா ஏமாத்து வேலை" என்று ஒரு வருஷம் வீட்டில் ஆரம்பித்தான். ஷைஜாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கல்லாக ஒரு வாரம் ஆகும், அதற்குள் நாடகம் முடிந்துவிடும் என்று, சனிக்கிழமை பின்பக்கத்தையும் பூசிவிட்டாள். பங்குனி வெயில் வண்ணத்தை ஒரே நாளில் காயவைத்துவிடும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு இருட்டோடு ஜான்ரோஸை உள்ளே விட்டு மூடும்போதுகூட அது தெர்மாகோல்தான். விடியலில், தேவதூதனாக வந்த ஸ்மைலின் என்ற பெண் கல்லைத் தள்ளினாள். அது அசையவில்லை. பாடகர் குழு பாடிய சரணத்தையே திரும்பப் பாடியது. ஆண்கள் ஓடிவந்து முட்டுக்கொடுத்தார்கள். தெர்மாகோலுக்காக அடித்த மரச்சட்டம் நெரிந்து, கல் உள்பக்கமாகச் சாயத் தொடங்கியது. கடப்பாரை போட்டால் ஒதுங்க இடமில்லாத ஜான்ரோஸ்மேல்தான் விழும். ஒரு கோபத்துக்காகக் கட்டியவனைக் கொன்றுவிட்டோம் என்றே ஷைஜா நினைத்தாள். பிறகு வண்ணப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். கல்லைத் திரும்ப தெர்மாகோலாக்க ஒரே வழி, அதன்மேல் தெர்மாகோலை வரைவது. வெளிப்பக்கத்தை அவள் வரையலாம். உள்பக்கத்தை அவன்தான் வரைய வேண்டும். ஒரு பிரஷ்ஷையும் வெள்ளை டியூபையும் சுவரின் காற்றோட்ட ஓட்டை வழியாக உள்ளே போட்டார்கள்.

"இஞ்ச கேளுங்கோ. வெள்ளய அடிச்சிட்டு மேல மணி மணியா வரையுங்கோ. ஒவ்வொரு மணிக்கும் அடியில நெழலு வேணும்."

"எனக்கு பிரஷு பிடிக்கத் தெரியாதுட்டி."

"கை நடுங்காம இருந்தாப் போதும்."

அங்கிக்குள் செருகியிருந்த செல்போனின் டார்ச்சை அவன் எரியவிட்டான். வரையத் தொடங்கியாயிற்றா என்று ஷைஜா ஓட்டை வழியாகக் கேட்டாள்.

"ஏட்டி, இந்த வெடிப்பு நீ வரைஞ்சதா? தடவிப் பாத்தேன், கையி உள்ள போவுது. இவ்வளவு நல்லா இருக்கியத நான் எப்பிடி அழிக்க?"

"அழிங்கோ. வேற வரைஞ்சு தாரேன்" என்றாள் ஷைஜா. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

வெயில் ஏறும்போது அவள் பக்கம் தெர்மாகோலாகிவிட்டது. ஜான்ரோஸ் வரைந்த மணிகளில் நிழலும் இல்லை, ஒழுங்கும் இல்லை. பார்க்க ஜவ்வரிசிபோல் இருந்ததால் அவன் பக்கம் ஜவ்வரிசியானது. ஸ்மைலின் மறுபடி கை வைத்ததும் கல், மூட்டை பிரிந்ததுபோல் சரிந்தது. முழங்கால்வரை ஜவ்வரிசியில் நின்று உயிர்த்தெழுந்த ஜான்ரோஸ், வசனத்தை மறந்து ஷைஜாவையே பார்த்துக்கொண்டிருந்தான். போதகர் ஆசீர்வாதம் கூறி ஆராதனையை முடித்தார். வீணாக்க வேண்டாமென்று பெண்கள் அதை வாரிப் புடைத்து, சபையார் எல்லோருக்கும் பாயசம் வைத்தார்கள். எவ்வளவு புடைத்தும் அங்கங்கே கருங்கல் பொடி கடிபடத்தான் செய்தது. ஜான்ரோஸின் பல்லிலும் ஒரு கல் அகப்பட்டது. அதைக் கடித்து விழுங்கிவிட்டு, இன்னொரு தம்ளர் கேட்டான்.