மிச்சம் முப்பத்தேழு

மேசையைக் காலி செய்தால்தான் அக்காவைப் படுக்க வைக்க முடியும். ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிவிட்டதென்று அத்தான் போன் செய்து கால் மணி நேரமாகிறது. தம்பி ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் வயரைப் பிடுங்கிச் சுற்றினான். மீட்டரைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தான். ரகவாரியாகப் பிரித்து வைத்திருந்த ரெசிஸ்டர் டப்பாக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப் போய், ஒன்று கவிழ்ந்து, தரையெங்கும் அரிசியாய்ச் சிதறியது. குனிந்து பொறுக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளினான். அக்கா பார்த்திருந்தால் அதற்கே ஒரு மணி நேரம் திட்டியிருப்பாள்.

தம்பி என்றுதான் தெருவே அவனைக் கூப்பிடும், வயதென்னவோ நாற்பத்தெட்டு. மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக்கும் இந்த மேசைக்குமாக அலைந்து, எங்கே உட்கார்ந்தாலும் அங்கேயே தூங்கிவிடுகிற நிலைக்கு வந்திருந்தான். இன்று விடிகாலையில் அக்கா போனபோதும் வராந்தா பெஞ்சில் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். அத்தான் வந்து தோளைத் தொட்டார்.  

கடைசியாக மேசை மேல் மிஞ்சியது பென்சில் சொருகிய நீள நோட்டு. அதை எடுக்கத்தான் கை வரவில்லை.

ஒலிப்பதிவு ஸ்டூடியோக்களுக்கு மானிட்டர் கன்ட்ரோலர் செய்வது அக்காவின் தொழில். பாட்டைக் கலந்து சேர்க்கிறவரின் மேசைக்கும் எதிரே நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் உட்காரும் பெட்டி அது. ஒரு பெரிய திருகு, நாலு பொத்தான். சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒரே தட்டில் வாயை அடைக்கலாம், இந்த ஜோடி ஸ்பீக்கரிலிருந்து அந்த ஜோடிக்குத் தாவலாம். "சத்தத்தைக் கொறைக்க ஒரு பெட்டி, அதுக்கு ராப்பகலா உழைப்பு" என்று அத்தான் கல்யாணமான புதிதில் சிரித்தாராம். "கொறைக்கறத யார் வேணா செய்வாங்க. கொறைச்சாலும் பாட்டு அதே பாட்டா இருக்கணும். அதுதான் வேலை" என்றாளாம் அக்கா. அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பொதுவாகவே அவர் எந்தப் பேச்சையும் எடுக்கிறவரில்லை. அக்கா அவருக்கு வைத்த பேர் 'மியூட்டு'.

அக்கா வடிவமைத்த புது மாடலுக்கு ஒரு வியாதி இருந்தது. அணைக்கும்போது, எப்போதாவது ஒரு தடவை, ஸ்பீக்கரில் தொம்மென்று ஓர் அடி விழும். பெட்டிக்குள் மின்சாரம் அடங்குவதற்கு முன்பே ஸ்பீக்கரைத் துண்டித்துவிட வேண்டிய ரிலே என்கிற சின்ன சுவிட்ச், கண் இமைக்கிற நேரம் பிந்தினால் போதும், அந்த அடி விழுந்துவிடும். பெரிய ஸ்பீக்கரானால் கிழிந்தே போகலாம். எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டி, சர்க்யூட்டை இரண்டு தடவை மாற்றி, அக்கா அதை அடக்கினாள். ஆனாலும் பத்து ரிலேயில் ஒன்று சோம்பேறியாக அமைந்துவிடும். அதை மீட்டர் காட்டிக் கொடுக்காது. அதனால் ஒரு சட்டம் போட்டாள். எந்தப் பெட்டியும் நூறு தடவை போட்டு அணைக்காமல் வாசல் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒரு முழு நிமிடம் பொறுக்க வேண்டும். உள்ளே தேங்கியது வடியாமல் திரும்பப் போட்டால் குறை ஒளிந்துகொள்ளும். அடி விழுந்தால் தெரிவதற்காக, இடது உள்ளங்கை பழைய சோதனை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை அடித்தாலும் ரிலேயை மாற்றிவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நோட்டைத் திறந்தான். பத்துப் பத்தாகப் பென்சில் கோடுகள். அறுபத்து மூன்று வரை அக்காவுடையது. சிலது நீளம், சிலது சாய்வு, நாற்பதுக்குப் பக்கத்தில் டம்ளர் வைத்த ஈர வட்டம், ஐம்பதுக்கு மேல் கை நடுங்கியது தெரிந்தது. அதற்கப்புறம் முப்பத்தேழு கோடுகள், எல்லாம் ஒரே உயரம், ஒரே சாய்வு. ஒரே மூச்சில் போட்டவை. பள்ளிக்கூடப் பையன்கூட இதைவிட நன்றாகத் திருடுவான்.

செவ்வாய்க்கிழமை மதியம் அறுபத்து மூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டுத்தான் அக்கா நாற்காலியிலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு, கண் திறந்ததும் முதலில் சொன்னது, "மிச்சத்த முடிச்சிட்டு அனுப்புடா. ஸ்டூடியோ வேன் வந்துரும்" என்பதுதான். நாலரைக்குப் படுக்கைக்குப் பக்கத்திலிருந்து எழுந்தான். பஸ்ஸில் அரை மணி. இங்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கை கால் எல்லாம் ஈயமாகக் கனத்தது. வேன்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று சுத்தமாகத்தானே வந்திருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு பென்சிலை எடுத்தான். பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்ப அரை மணி பஸ்.

"முடிச்சிட்டியா?" என்றாள் அக்கா.

"முடிச்சிட்டேன்க்கா. நூறும் சுத்தம்."

அக்கா அவன் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சாப்டியா?" என்று கேட்டாள்.

"சாப்ட்டேன்" என்றான். அதுவும் பொய்.

வெளியே வண்டி வந்து நின்றது. நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான்.

பன்னிரண்டு மணிக்குள் தெருவில் இரண்டு வரிசை நாற்காலி நிறைந்துவிட்டது. வந்தவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து உட்கார்ந்து, வெயிலைப் பற்றிப் பேசினார்கள். மூன்று மணிக்கு எடுப்பது என்று முடிவாகியிருந்தது. மேசை மேல் அக்கா வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். வலது ஆள்காட்டி விரலில் பழைய சூட்டுத் தழும்பு அப்படியே இருந்தது. அத்தான் தலைமாட்டில் நின்றார். உட்காரச் சொன்னால் தலையாட்டினார், உட்காரவில்லை.

"அத்தான், ஒரு வாய் தண்ணியாவது குடிங்க."

டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு, கேட்காமலே சொன்னார். "நேத்து எம்போனைக் கேட்டு வாங்குனா, மாப்ள."

"யார்கிட்ட பேசுறதுக்கு?"

"தெரியல. என்னைக் கொஞ்சம் வெளிய இருன்னுட்டா. எங்கிட்ட மறைக்கறதுக்கு அவளுக்கு என்ன இருக்குன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."  தண்ணீரைக் குடிக்கவில்லை.

ஒரு மணிக்கு ஸ்டூடியோக்காரர் வந்தார். புதுப் பெட்டியை வாங்கியவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் தாழ்ந்த குரல். அவரைத் தூரத்தில் பார்த்ததுமே தம்பி நாற்காலி வரிசைக்குப் பின்னால் ஒதுங்கினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். பெட்டி அடித்துவிட்டது, ஸ்பீக்கர் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் வருகிறார், அதுவும் இன்றைக்கு என்று நினைத்தான். பின்கட்டுப் பக்கம் நழுவிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் அவர் உள்ளே போய், அக்காவின் காலருகே நின்று, வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்துதான் பேசுனாங்க. நல்லாத்தான் பேசுனாங்க. இன்னிக்கு இப்படி."

"நேத்தா? உங்ககிட்டயா?"

"ஆமா. பெட்டிய இப்போதைக்குப் பெரிய ஸ்பீக்கர்ல மாட்டாதீங்கன்னாங்க. இடம் மாறினா ஒரு தடவை பாக்கணுமாம். 'எந்தம்பி வருவான், அவன் பாத்துச் சரின்னு சொன்னப்புறம் மாட்டுங்க'ன்னாங்க." அவர் தயங்கினார். "இப்பக் கேக்கக் கூடாதுதான். நீங்க மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல. பெட்டி அப்படியே மூலைல இருக்கு."

 தம்பியின் மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. நாலரைக்குக் கிளம்பி ஆறுக்குத் திரும்பியிருக்கிறான். பஸ்ஸுக்கே ஒரு மணி நேரம். மிச்சம் அரை மணி. அதில் முப்பத்தேழு நிமிடம் எப்படி அடங்கும்? அக்காவுக்கு இந்தக் கணக்குப் போடக் காகிதம்கூட வேண்டாம். அவன் தலைக்கு மேலே அவள் பார்த்தது சுவரையல்ல, கடிகாரத்தை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நன்றாக மறைத்துவிட்டோம் என்று இரண்டு நாளாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் பூசணிக்காயைப் பார்த்தாள், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது. திட்டியிருக்கலாம். முப்பது வருஷமாகத் திட்டினவள்தானே. ஊரறியத் திட்டு வாங்கியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. கடைசியாக ஒரு தடவை திட்டத் தெம்பில்லாமல் போனதா, இல்லை அவன் முகத்தைப் பார்த்து வேண்டாமென்று விட்டாளா, இனி யாரிடம் கேட்பது?

"இன்னிக்கே வர்றேன்" என்றான்.

"என்ன சார் நீங்க. இன்னிக்குப் போயா?"

"அது இடம் மாறினதுக்காக இல்ல. நான் முடிக்காமயே அனுப்பிட்டேன். முப்பத்தேழு பாக்கி."

ஸ்டூடியோக்காரர் அவனைப் பார்த்தார். "அவங்க அப்படி ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

"சொல்ல மாட்டா."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். முடிந்து திரும்பும்போது நாலரை. எல்லோரும் கைகால் கழுவிவிட்டு ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தார்கள். தம்பி பழைய சோதனை ஸ்பீக்கரைப் பையில் போட்டுக்கொண்டான். கருவிப் பெட்டியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டான். அத்தான் வெறும் மேசைக்குப் பக்கத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினான்.

ஸ்டூடியோ அறையில் சுவரெல்லாம் பஞ்சும் துணியும். பேசினால் குரல் வாயை விட்டு இறங்கியதுமே காணாமல் போயிற்று. பெட்டி மூலையில், அவன் கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்படாமல் இருந்தது. அதைப் பிரித்துச் சோதனை ஸ்பீக்கரை மாட்டினான். அழிப்பானால் முப்பத்தேழு கோடுகளையும் அழித்தான். பென்சில் போயிற்று, அழுத்திய தடம் போகவில்லை.

உள்ளங்கையைக் காகிதத்தில் வைத்தான். போட்டான். ரிலே 'டிக்' என்றது. அணைத்தான். ஒன்றுமில்லை. அறுபத்து நாலு. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் ஒரு சுற்றுச் சுற்றும்வரை பார்த்திருந்தான். அறுபத்தைந்து. ஸ்டூடியோக்காரர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.  எழுபது தாண்டியதும் கண் சொக்கியது. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அசதியில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்டால் தெரியும். அறுபத்து மூன்று தடவை அவள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள், அந்த உடம்போடு. எண்பது. எண்பத்தைந்து. சரியாகத்தான் இருக்கிறது, எதுவும் ஆகியிருக்காது என்று ஒரு பக்கம் மனசு ஆறுதல் தேடியது.

தொண்ணூற்றொன்றாவது தடவை அணைத்தபோது உள்ளங்கையில் தொம்மென்று அடித்தது.

பெரிய சத்தமில்லை. ஆனால் ஸ்டூடியோக்காரர் எழுந்துவிட்டார். எதிரே ஆளுயரம் நின்ற தன் ஸ்பீக்கர்களை ஒரு தடவை பார்த்தார். "இதுதானா?" என்றார்.

"இதுதான்."

தம்பி பெட்டியின் மூடியைக் கழற்றினான். அக்கா செய்கிற எல்லாப் பெட்டியிலும் மூடியின் உள்பக்கம் ஒரு சின்னக் காகித உறை ஒட்டியிருக்கும். அதில் இரண்டு மாற்று ரிலே. சால்டரிங் அயர்னைச் சுட வைத்து, சோம்பேறியைக் கழற்றி, புதியதை வைத்துப் பற்றவைத்தான்.  மூடியைப் போட்டு நாலு திருகாணியையும் முறுக்கினான்.

"இன்னும் ஒம்பதுதானே பாக்கி?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"நூறு."

போன் அடித்தது. அத்தான்.

"மாப்ள, எங்க இருக்க?"

"ஸ்டூடியோல அத்தான். அக்கா விட்டுப் போன வேலை ஒண்ணு. ரெண்டு மணி நேரமாகும்."

 என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

"சாப்டியா?"

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். "இல்ல அத்தான்" என்றான். "சாப்டல."

"வா. நானும் சாப்டல" என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

நோட்டில் புதுப் பக்கம் திருப்பித் தேதி போட்டான். இடது கையை ஸ்பீக்கரில் வைத்துப் பெட்டியைப் போட்டு, அணைத்தான். உள்ளங்கைக்கு ஒன்றும் வரவில்லை. முதல் கோடு கொஞ்சம் சாய்வாக விழுந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிடம் ஆவதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.