வெளுத்த ரத்தம்

கணவனின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு சாரா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாய் உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

"போதும் சாரா. இன்னிக்கு நல்லாக் கீது," என்று பர்னபாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

போன கோடை வரைக்கும் அவனிடம் அவள் இத்தனை பொறுமையாக இருந்ததில்லை. மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில், ஆட்களைக் கீழே கொண்டுபோகும் கேஜைவிட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கும். வேலைக்கள்ளன் என்று மேஸ்திரி தசரதன் எல்லார் எதிரிலும் ஏசினார். அவளும் அதை நம்பினாள். பாதி ஷிப்டில் திரும்பி வந்தவனுக்குச் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சுரங்கத்து ஆட்களுக்கெல்லாம் வழக்கம்போல ரத்தம் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விரலில் குத்தி எடுத்த சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்த சுரங்க ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் துரை, நம்பாமல் இன்னொரு முறை குத்தினாராம். கம்பவுண்டர் வால்டர் வீடு தேடி வந்து சொன்னார்.

"ரத்தத்துல செவப்பு அணு பாதிகூட இல்லம்மா. வெள்ளை அணு கண்டமேனிக்குப் பெருகிக் கீது. இது சோம்பேறித்தனம் இல்ல, வியாதி. இந்த ஒடம்ப வெச்சிக்கினு இவரு எப்டி கீழ எறங்கினாருன்னு தொரைக்கே ஆச்சரியம்."

"மருந்து?"

"இதுக்கு மருந்து இல்லம்மா. கூடவே இருங்க."

இருந்தாள். பேத்தமங்களா ஏரியைப் பார்க்க ஆசையென்றான். மாட்டுவண்டி பிடித்து அழைத்துப்போனாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பேசாததையெல்லாம் கரையில் உட்கார்ந்து பேசினான். அவள் சிரித்ததைக் கேட்டு வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கண் மூடியிருந்த அவன் நெற்றியைத் தொட்டாள். மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் மண் போட்டு, ஜெபம் முடிந்து, கூட்டம் கலைந்தது. வால்டர் தள்ளி நின்றிருந்தார். சாரா அவரிடம் போய்க் கைகூப்பினாள்.

"காப்பாத்த முடியலியேம்மா."

"வூடு தேடி வந்து சொன்னீங்களேண்ணா. நீங்க நல்லா இருக்கணும்."

அவள் திரும்பியபோது, தசரதன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியபடி, கல்லறையின் ஓரத்தில் சரிந்த மண்ணைக் கையால் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"இருங்க மேஸ்திரி," என்று சாரா எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். அவளும் ஒரு பிடி மண் அள்ளினாள்.