மேனேஜரின் உறுமல்

புல்டாக் என்றால் உறுமும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதன் மூஞ்சியைப் பார்த்து நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

நானும் என் அண்ணனும் படங்களுக்குச் சத்தம் செய்து கொடுக்கிறவர்கள். திரையில் ஒருவன் சரளைக்கல்லில் நடந்தால், இங்கே தட்டில் கல்லைக் கொட்டி அதன்மேல் நான் நடப்பேன். கதவு, சாவிக்கொத்து, கன்னத்தில் விழும் அறை, தொட்டித் தண்ணீரை அளைந்து உண்டாக்கும் ஆறு, எல்லாம் என் கைவேலை. அண்ணன் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்வான். தொழிலில் அவனுக்குக் 'காது' என்றே பெயர். மேல்மாடியில் குழாய் சொட்டினால் இங்கே முகம் சுளிப்பான். எதிரில் நிற்கிற ஆளின் சட்டை என்ன நிறம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

அப்போது ஒரு குழந்தைகள் கார்ட்டூன் படம் கையில் இருந்தது. ஏரிக்கு அடியில் வாழும் ஒரு பூதத்துக்குக் குரல் வேண்டும். "பயமா இருக்கணும். ஆனா கேக்குறவங்களுக்கு அது மேல ஒரு பரிதாபமும் வரணும்" என்றார் இயக்குநர். சிங்கத்தை அனுப்பினோம், புலியை அனுப்பினோம், மேசையை இழுத்து அனுப்பினோம். அண்ணன் வாளிக்குள் தலையை விட்டுக் கத்தியதைக்கூட அனுப்பினோம். எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரில் வந்து கேட்பேன், அதுவும் சரியில்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் எங்களுக்கு வந்த ஒரே பெரிய வேலை அது.

அப்போதுதான் அண்ணனுக்குச் சித்தியின் நாய் ஞாபகம் வந்தது.

சித்தி பஸ் ஓட்டுகிறவர், தனியாக இருக்கிறவர். அவர் வளர்க்கும் புல்டாகுக்கு 'மேனேஜர்' என்று பெயர். லீவு கேட்டு நிற்கும்போது டிப்போ மேனேஜர் என்ன முகம் காட்டுவாரோ அதே முகம் இதற்கும் இருக்கிறதாம். அதனால் குடும்பத்தில் எல்லோரும் அதைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவோம். மேனேஜர் சாப்பிட்டாரா, மேனேஜர் தூங்கிவிட்டாரா என்று.

வெள்ளிக்கிழமை காலை டியூட்டிக்குப் போகிற வழியில் சித்தி அவரைக் கொண்டுவந்து விட்டார்.

"ரூம் ஜில்லுன்னு இருக்கணும். புழுக்கம் மட்டும் இவனுக்கு ஆகவே ஆகாது. என்ன வேணா பண்ணிக்கோங்க, அதை மட்டும் பார்த்துக்கோங்க."

"எங்க ஸ்டூடியோல ஸ்வெட்டர் போட்டுட்டுத்தான் வேலை பார்க்குறோம் சித்தி" என்றான் அண்ணன்.

"விளையாட்டில்ல. இவனுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன். சொல்லிட்டேன்."

சித்தி அதட்டுவார், கிண்டல் செய்வார். கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் குரல் கெஞ்சியது.

பதிவறையில் நானும் மேனேஜரும் தனியாக இருந்தோம். ஒரு புல்டாகை அவ்வளவு கிட்டத்தில், சாவகாசமாக, நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. தரையோடு தரையாக உட்கார்ந்து ஆராய ஆரம்பித்தேன். மூக்கு என்று ஒன்று இருந்தது, ஆனால் அது முகத்தைவிட்டு வெளியே வரவில்லை, யாரோ கட்டைவிரலால் உள்ளே அமுக்கிவிட்டதுபோல் கண்களுக்கு நடுவே போய் ஒட்டியிருந்தது. துவாரங்கள் வெறும் இரண்டு கீறல்கள். கீழ்த்தாடை மேல்தாடையை முந்திக்கொண்டு நின்றதால் இரண்டு பற்கள் எப்போதும் வெளியே தெரிந்தன. நெற்றி மடிப்புக்குள் விரலை விட்டால் கணு வரைக்கும் போனது. உள்ளே ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் தினமும் துடைக்காவிட்டால் புண்ணாகிவிடுமாம், சித்தி அதற்கென்றே பஞ்சு கொடுத்திருந்தார். முன்பக்கம் குத்துச்சண்டைக்காரர், பின்பக்கம் சின்னப் பையன். வால் இருக்கவேண்டிய இடத்தில் முறுக்கிய ஒரு குமிழ். அதை ஆட்ட முடியாது. சந்தோஷம் வந்தால் இடுப்போடு சேர்த்து மொத்தப் பின்பாகத்தையும் ஆட்டினார். நான் சிரித்த சிரிப்பில் அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டான்.

"ஆராய்ச்சி போதும். உறும வை."

அங்கேதான் பிரச்சினை. மேனேஜர் உறுமுகிற ஜாதியே இல்லை. சாப்பாட்டுத் தட்டை வாயருகே கொண்டுபோய்ப் பிடுங்கினேன். பரவாயில்லை, நீ சாப்பிடு என்பதுபோல் பார்த்தார். கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு மேலே பாய்ந்தேன். கோணிப்பையை நக்கினார். பூனை சண்டைபோடும் சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டோம். கொட்டாவி வந்தது. பிறகு மைக் வயரின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார். தள்ளினேன், இழுத்தேன், தாஜா பண்ணினேன். ஆள் அசைந்து கொடுக்கவில்லை. முரட்டுப் பிடிவாதம், ஆனால் அதில் கோபம் என்று ஒரு துளியும் இல்லை. இப்படி ஒரு மூஞ்சிக்குப் பின்னால் இப்படி ஒரு மனசா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"குறட்டையாவது விடுவார்ல, அதை எடுப்போம்" என்றான் அண்ணன். "ஏசி சத்தம் அடியில ஓடுது பாரு. ஆஃப் பண்ணிடு."

ஆஃப் பண்ணினேன். பதிவு என்றால் ஏசியை நிறுத்துவது எங்களுக்குப் பல் தேய்க்கிற மாதிரி. யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. சித்தி காலையில் சொன்னது எங்கள் இரண்டு பேர் தலையிலும் அந்த நேரத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் பஞ்சு, தலைக்குமேல் விளக்குகள். கொஞ்ச நேரத்தில் என் முதுகில் வியர்வை வழிந்தது. வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே இருப்பவர் அசையக்கூடாது. தும்மல் வந்தாலும் விழுங்கவேண்டும். நான் மூலையில் சுவரோடு சாய்ந்து நின்றேன். மேனேஜர் படுக்காமல் உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். முதலில் அறுவை ரம்பம்போல ஒரு சத்தம் வந்தது. பிறகு அது இறங்கியது, தடித்தது, தொண்டையின் அடியாழத்திலிருந்து உருண்டு உருண்டு ஏறி வந்தது. இழுக்கும்போது ஒரு கர்ஜனை, விடும்போது ஒரு முனகல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏரிக்கு அடியில் பூதம் இருந்தால் இப்படித்தான் பேசும்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்தான். கையைத் தூக்கி, அசையாதே, அசையாதே என்று காட்டினான்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் முன்னங்கால்களை அகட்டி ஊன்றி, கழுத்தை மேலே நீட்டியிருந்தார். நாக்கு அகலமாகித் தொங்கியது. வாயோரம் நுரை கெட்டியாக நின்றது. இவர் ஏன் வழக்கம்போல் படுக்கவில்லை என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. அப்புறம் நாக்கின் நிறத்தைப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறம். அந்த நிலையிலும் நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அந்த மொட்டைப் பின்பாகத்தை ஒருமுறை ஆட்ட முயன்றார்.

மரியாதை, சிவப்பு விளக்கு எல்லாம் பறந்துபோனது.

"டேய்! அண்ணா, இவனுக்கு மூச்சு முட்டுது!"

"ஐயோ, கெடுத்துட்டியே..." என்று ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது. நான் அதற்குள் மேனேஜரைத் தூக்கியிருந்தேன். அரிசி மூட்டையைத் தூக்குவது எளிது. ஆறு செய்யும் தொட்டியில் நிற்க வைத்து, தலை முழுகிவிடாமல் ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். உடம்பு அடுப்புமாதிரி கொதித்தது. ஓடிவந்த அண்ணன் ஏசியைப் போட்டான், மின்விசிறியைத் தூக்கிவந்தான். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் நாயின் முகத்துக்கு அட்டையால் விசிறினான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பக்கத்துத் தெருவில் இருந்த கால்நடை மருத்துவரிடம் ஈரத்துணியோடு கொண்டுபோனோம். ஊசி போட்டார், ஆக்ஸிஜன் குழாயை மூக்கருகே வைத்தார். நாக்கு மெல்ல மெல்லச் சிவந்தது. எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இவனுக்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கணும். அந்த மூச்சுக்கே வழி இல்லாம மூஞ்சிய இப்படி வளர்த்து வச்சிருக்கோம்" என்றார் மருத்துவர். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா கஷ்டம். ஏன் முதல்லயே கவனிக்கல?"

நான், "நல்ல சத்தம்னு நெனைச்சோம் டாக்டர்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாயங்காலம் அவனைத் திரும்பக் கூட்டிவந்து, அண்ணனின் அறையில் ஏசிக்கு நேர் கீழே படுக்க வைத்தோம். சித்தி வண்டி ஓட்டும்போது போனை அணைத்துவிடுவார், டியூட்டி முடிந்து நேராக இங்கேதான் வருவார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது இயக்குநர் வந்து நின்றார்.

"ஏதாவது இருக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அவன்தான் நல்லாயிட்டானே" என்று என் காதோரம் முணுமுணுத்தான். "பதிவானது பதிவாயிடுச்சு. இதை விட்டா நமக்கு வேற என்ன இருக்கு, சொல்லு."

பொத்தானை அழுத்தினான்.

அறை முழுக்க அந்த மூச்சு நிரம்பியது. இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இதுதாங்க! இதேதான்! எங்க பிடிச்சீங்க இதை?"

மேனேஜர் தலையைத் தூக்கினான். அந்த மடிப்பெல்லாம் ஒருமுறை மேலே ஏறி இறங்கியது. தட்டுத்தடுமாறி எழுந்தான், தரையில் நின்ற பெரிய ஒலிபெருக்கியிடம் போனான். முகர்ந்தான். அதன் துணியில் நெற்றியை வைத்து அழுத்தினான். உள்ளே மூச்சு இழுத்தபோதெல்லாம் இவன் மெல்ல முனகினான், பிறகு நக்க ஆரம்பித்தான், நோயாளியின் நெற்றியைத் துடைப்பதுபோல் நிதானமாக, மேலிருந்து கீழாக. பின்னால் சுற்றிப்போய்த் தேடிவிட்டு வந்து மறுபடியும் நக்கினான்.

அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றினான். அன்றைக்குத்தான் அவன் ஒன்றைக் கண்ணால் பார்த்தான் என்று நினைக்கிறேன். பதிவை நிறுத்தினான். பிறகு, இயக்குநர் "என்னங்க பண்றீங்க?" என்று எழுந்திருப்பதற்குள், அதை அழித்துவிட்டான்.

"மன்னிச்சிடுங்க சார். அது பூதம் இல்ல."

இயக்குநர் நாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திட்டவில்லை. அப்போ நான் வேற இடம் பார்த்துக்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். படம் போனது.

சத்தம் நின்றும் மேனேஜர் அங்கிருந்து நகரவில்லை. கூப்பிட்டோம், தட்டில் சோறு வைத்தோம், கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தோம். பாச்சா பலிக்கவில்லை. ஒலிபெருக்கியோடு ஒட்டி உட்கார்ந்து, காதை அதன்மேல் சாய்த்துக்கொண்டு, உள்ளே இருப்பவருக்குக் காவல் இருந்தான்.

சித்தி யூனிஃபார்மோடு வந்தார். "டேய் குண்டா!" என்றார். அவன் பின்பாகத்தை ஆட்டினான், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"என்னடா இது, அதிசயமா இருக்கு! நான் வந்தும் வரமாட்டேங்குறான். அதுக்குள்ள யாரு இருக்கா?"

அண்ணன் அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். சித்தியை நிமிர்ந்து பார்த்தே சொன்னான்.

"அவனேதான், சித்தி. காலையில ஏசிய நிறுத்திட்டோம். மூச்சு முட்டி அவன் போட்ட சத்தத்தைப் பதிவு பண்ணினேன். நல்லா இருக்குன்னு ரசிச்சேன். அதைக் கேட்டுத்தான் இவன் இங்க வந்து உக்காந்திருக்கான்."

சித்தி முட்டி போட்டு மேனேஜரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நாக்கை இழுத்து நிறம் பார்த்தார். அப்புறம் ஈரம் காயாத அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தன் சட்டை நுனியால் துடைத்தார்.