ஏழாவது குப்பி

ஒன்றுமே கலக்காத தண்ணீரின் விலை நாலாயிரம். குடத்துக்கோ லிட்டருக்கோ அல்ல. கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குப்பிக்கு. ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வாங்கும் கட்டணம் அது. அழுக்குத் தண்ணீருக்கும் அதே நாலாயிரம்தான். பேரம் பேசிப் பார்த்துவிட்டேன், படியவில்லை.

நிலத்தடி நீரைச் சோதிக்க ஆறு கிணறுகளுக்குப் போனால் ஏழு குப்பி எடுத்துப் போவோம். ஏழாவதில், ஆய்வுக்கூடமே தந்த தூய தண்ணீரைக் கிணற்றடியில் வைத்து ஊற்றி மூட வேண்டும். எங்கள் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். மளிகைக் கடைக்காரர் மகளான எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சரக்கு வைக்குமுன் வெறும் தராசு நேராக நிற்கிறதா என்று பார்க்கிற அதே காரியம்.

அன்று போனது என் அக்கா குடியிருக்கும் தெரு. தெருமுனைப் பெட்ரோல் பங்கில் பூமிக்கடியில் புதைத்த தொட்டி கசிகிறது என்று சந்தேகம். உறுதியானால் ஆறு வீட்டு ஆழ்துளைக் கிணறுகளையும் நகராட்சி மூடிவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்பும். உறுதியாகாவிட்டால் ஆறு வீடும் அதையே குடிக்கும். கடைசி வீடு அக்காவுடையது.

"பல்லு தேய்ச்ச உடனே சிகரெட் பத்தவைக்காதீங்கன்னு உங்க மாமாகிட்ட சொல்லியிருக்கேன்டி," என்றாள் அக்கா. "குப்புன்னு பிடிச்சுக்கும்."

கரண்ட் இல்லை, பம்பை ஜெனரேட்டரில் ஓட்டினோம். குழாயில் தேங்கிக் கிடந்த பழைய தண்ணீரை இறைத்துக் கொட்டி, மீட்டரில் வெப்பமும் உப்பும் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து, மண்ணுக்குள்ளிருந்து புதிதாக ஊறி வருவதைத்தான் பிடிக்க வேண்டும். அக்கா வீட்டில் மீட்டர் நிற்கப்போன நேரம் பார்த்து ஜெனரேட்டர் இருமியது.

எங்கள் டிரைவரை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்பார்கள். வண்டி நாற்பதைத் தாண்டியதே இல்லை. குப்பிகளைக் குளிராக வைக்க ஐஸ் வாங்கப் போனவர் திரும்பியிருக்கவில்லை. ஜெனரேட்டருக்கு நானே பெட்ரோல் ஊற்றினேன். கையுறையில் இரண்டு சொட்டு தெறித்தது. துடைத்தேன். பெட்டியைப் பார்த்தால் ஒரே ஒரு ஜோடி புதுசு. அதைப் பிரித்தால் அடுத்த பெட்டிக்கு மனு எழுத வேண்டும். பொட்டலம் கட்டிய நூலைக்கூட அவிழ்த்துச் சுற்றி வைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். இது நன்றாகத்தானே இருக்கிறது என்று அதே கையால் ஆறாவது குப்பியையும் ஏழாவது குப்பியையும் நிரப்பினேன். காற்றுக்குமிழி இருக்கக் கூடாதே என்று கவிழ்த்துத் தட்டி வேறு பார்த்தேன். அத்தனை கவனம்!

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் தண்ணீரில் பத்து அலகைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. ஐந்து கிணறுகளில் பதினான்கு முதல் இருபத்தாறு வரை. அக்கா கிணற்றில் முப்பத்தாறு. ஒன்றுமே இருக்கக் கூடாத ஏழாவது குப்பியில் எட்டு.

ஏழாவது குப்பியைப் போல ஐந்து மடங்காவது இருந்தால்தான் கிணற்று எண் செல்லும் என்பது எங்கள் விதி. ஐயெட்டு நாற்பது. ஆறும் போயின. முதல் ஐந்தைச் சுத்தமான கையால்தான் எடுத்தேன். ஆனால் அதற்கு ஒரே சாட்சி அந்தக் கையின் சொந்தக்காரி, கடைசி வீட்டுக்காரியின் தங்கை.

"புதுசா ஒரு குப்பி நல்ல தண்ணி ஊத்தி அனுப்புங்க மேடம்," என்றார் எக்ஸ்பிரஸ். "தேதியைப் பழசா போட்டுக்கலாம். நாலாயிரம்தானே? நான் தரேன்."

"உங்க சம்பளத்துலயா?"

"தெருவுல சின்னப் பிள்ளைங்க இருக்கு மேடம். ஐஸ் வாங்க ஆமை மாதிரி போனேன்ல, அதுக்கு ஃபைன்னு வச்சுக்கங்க."

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எங்கள் சித்தப்பா ஒருமுறை தராசுத் தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டி மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சரியாக நிறுத்ததைக்கூட ஒருவரும் நம்பவில்லை, கடையே போயிற்று. பங்க் முதலாளியின் வக்கீல் இந்த மெழுகைத் தேடித்தான் வருவார். 'கையுறை மாற்றவில்லை, தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளிக்கு மறுபடி நோட்டீஸ், ஆய்வுக்கூடத்தில் வரிசை எல்லாம் சேர்த்து, அடுத்த சோதனைக்கு நாற்பத்திரண்டு நாள்.

அக்காவிடம் போய் நின்றேன். "அந்தத் தண்ணியைக் குடிக்காத. சமைக்காத."

"ரிப்போர்ட் என்ன ஆச்சு?"

"செல்லாது. என்னாலதான்."

முழுக்கக் கேட்டாள். "கையுறை என்ன விலைடி?"

"ஜோடி பதினஞ்சு."

"அப்பா இருந்திருந்தா உன்னைக் கல்லாவுலயே உட்கார வச்சிருப்பாரு." செருப்பை மாட்டினாள். "எனக்கு மட்டும் காதுல ஓதிட்டு நழுவலாம்னு பார்த்தியா? வா என்கூட."

ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். மூன்றாம் வீட்டுக்காரர் கேட்டார்: "பேப்பர்ல எழுதித் தருவீங்களா?"

"இப்ப முடியாது சார்."

"அப்புறம் எதுக்கு வயித்துல புளியைக் கரைக்கிறீங்க?"

ஐந்தாம் வீட்டு அம்மா, ரிப்போர்ட் வரட்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவருடைய சின்ன மகள் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

தினமும் காலையில் எக்ஸ்பிரஸ் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு நாற்பதில் உருட்டி வருகிறார். அந்த இரண்டு வாசலிலும் நாங்கள் இறக்கி வைத்த கேன்கள் மூடி திறக்காமல் வெயிலில் நிற்கின்றன.

என் களக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், அக்கா சொல்லச் சொல்ல எழுதியது:

மிச்சம்: கையுறை, ஒரு ஜோடி.
செலவு: நாற்பத்திரண்டு நாள். கழிந்தது பதினேழு.
கேன் வாங்கிக்கொள்ளும் வீடு: நான்கு.
பாக்கி: இரண்டு வீடு, இருபத்தைந்து நாள்.