கிழக்கு அடுக்கில் வரன் தேடியவள்

திண்டிவனத்து வெயிலில் வெள்ளெலி வளர்த்து ஆராய்ச்சி செய்கிறவனுக்கு மூளை கிடையாது. அந்த மூளை கெட்டவன் நான்தான்.

கொட்டகையில் கிழக்கே ஒரு வம்சம், மேற்கே ஒரு வம்சம் என்று இரண்டு அடுக்காகக் கூண்டுகள். ஒரே வைரஸை ஊசியில் ஏற்றினால் கிழக்கு அடுக்கு எலிகளுக்குக் கணையம் வீங்கும். மேற்கு அடுக்குக்கு ஒன்றும் ஆகாது. நோய்க்கு வைரஸ் மட்டும் காரணமில்லை, பிறந்த வம்சமும் காரணம் என்று நிரூபிக்க அது போதும். வம்சம் கலக்காமல் இருக்க அண்ணனையும் தங்கையையுமே ஜோடி சேர்த்து வந்தேன். அடுத்த மாதம் மதராஸிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் கொட்டகைக்குப் பூட்டு.

இந்த நேரம் பார்த்து எல்லாம் தலைகீழ். கிழக்கில் பாதி எலிகள் கொழுகொழுவென்று திரிந்தன, மேற்கில் சில சுருண்டு கிடந்தன. வைரஸ் கெட்டுவிட்டதென்று நினைத்து, விழுப்புரம் ஜங்ஷனில் குப்பியை இறக்கி ஐஸ் பெட்டியில் கொண்டுவரும் யூசுப் அலியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனுஷர் உருகாத ஐஸைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் பார்த்தால், கூண்டு கழுவும் முனியம்மாள் ஒரு பெண் எலியை முந்தானையில் பொதிந்துகொண்டு கிழக்கிலிருந்து மேற்குக்கு நடந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"கூடப் பொறந்ததுங்கள ஒரே கூண்டுல போட்டுட்டுப் போறீங்களே, நல்லாவா கீது? தை மாசம் வேலைக்கு வந்ததுலேருந்து நான்தான் மாத்திக்கினு இருக்கேன். இங்க பொண்ணு எடுத்து அங்க குடுத்து, அங்க எடுத்து இங்க குடுத்து. எல்லாம் ஒழுங்கா குடும்பம் பண்ணிக்கினு கீதுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருஷ உழைப்பு!

"மாத்தாதது ஒண்ணாவது மிச்சம் இருக்கா?"

"இதோ, கெழக்கால இந்த அண்ணனும் தங்கச்சியும். நான் வர்றதுக்கு முன்னாடி பொறந்ததுங்க. இன்னும் வரன் அமையல, தனித்தனியா வெச்சிருக்கேன்."

போன உயிர் திரும்பி வந்தது. இந்த ஜோடி இருந்தால் போதும், கிழக்கு வம்சத்தை மறுபடி உண்டாக்கிவிடலாம். ஆண் எலியின் வாலைப் பிடித்துத் தூக்கித் தங்கையின் கூண்டைத் திறந்தேன்.

"ஐயா, நீங்களும் அனந்தபுரத்துல ஒரு தங்கச்சியக் கட்டிக் குடுத்திருக்கீங்களே..."

எலிக்கும் என் தங்கைக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் பாழாய்ப்போன கை அந்தரத்தில் நின்று தொலைத்தது. எலி திரும்பி விரலைக் கடித்தது. உதறினேன். விழுந்த வேகத்தில் வாசலைத் தாண்டி, கடலைச் செடி அடர்ந்த மல்லாட்டைக் கொல்லைக்குள் ஓடி மறைந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முனியம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"போவட்டும் வுடுங்க ஐயா. நல்ல எடமா பாத்துக்கும்."